கதிரும் மதியும் கலந்த கணக்கு

எங்கள் இல்லத்துக் கூடத்தில் மூன்று நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று, அலுவலகத்தார் அளிக்கும் ஆங்கில நாட்காட்டி. மற்றொன்று, ஊரிலிருந்து தமையனார் ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் தினசரித் தாள் நாட்காட்டி. மூன்றாவது, செந்நிறத் தாளில் பொன்னிற எழுத்துகள் பொறித்த சீன நாட்காட்டி. கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர் வீட்டில் சீன நாட்காட்டிக்கு என்ன வேலை என்று நம் சங்கத்து அன்பர்கள் பலர் கேட்டதுண்டு. அவ்வினாவிற்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

2023ஆம் ஆண்டின் ஆடி மாதத்தை நாங்கள் மறக்க இயலாது. அவ்வாண்டு ஆடி முதல் நாளாகிய ஜூலை 17ஆம் தேதியன்றே அமாவாசை வந்தது. காலையில் தாளைக் கிழித்தவுடன் கண்ணிற்பட்ட கறுப்பு வட்டத்தைக் கண்டு, ஆடி அமாவாசை இன்றுதான் என்று நாங்களாகவே முடிவு செய்தோம். அலுவலகத்திற்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கங்கைத் துறைக்குச் சென்று, மறைந்த தந்தையாருக்கு எள்ளும் நீரும் இறைத்துத் திரும்பினோம். மாலையில் ஊரிலுள்ள தாயாருக்குத் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அண்ணன் ஆகஸ்டு பதினாறாம் தேதிதானே கொடுக்கப் போகிறான்? நீ மட்டும் தனியாகவா கொடுத்தாய், அப்பா?” என்று கேட்டார்.

‘தனியாகவா’ என்ற அந்த ஒரு சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது. ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்வோர் தம் ஊராரோடு பகிர்ந்துகொள்ளக் கூடியவை மிகச் சில. வீடு வேறு, தெரு வேறு, அருந்தும் நீரும் வேறு. பகிர்ந்துகொள்ள எஞ்சியிருப்பது நாள் ஒன்றே. இன்ன நாளில் அங்கே விளக்கேற்றுகிறார்கள், நாமும் ஏற்றுகிறோம் என்னும் நினைவே நம்மை அவர்களோடு பிணைத்து வைத்திருக்கிறது. அந்த நாளும் பிழைத்துப் போகுமானால் நமக்கு மிஞ்சுவது யாது?

ஆகஸ்டு 16ஆம் தேதி, ஆடி 31ஆம் நாள், மீண்டும் ஓர் அமாவாசை வந்தது. மீண்டும் கங்கைத் துறைக்குச் சென்றோம். ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை ஏன் வந்தது என்று கேட்டபோது, ‘சில ஆண்டுகளில் அப்படித்தான் வரும்’ என்பதற்கு மேல் எவரும் விளக்கம் தரவில்லை.

விளக்கத்தின் முதல் நுனி எங்களுக்குக் கிடைத்த இடம், பெண்டிங் தெருவில் உள்ள ஒரு செருப்புக் கடை. அதன் உரிமையாளர் முதியவர், சீன மரபினர். அவர்தம் பாட்டனார் காலத்திலேயே குவாங்தோங் மாநிலத்திலிருந்து வந்து கொல்கத்தாவில் நிலைத்த குடும்பம் அது. எங்கள் குழந்தைகள் அவரை வங்காள வழக்கப்படி ‘தாது’ என்று அழைப்பர். பள்ளிக்கூடத்துக் காலணி வாங்கச் சென்றிருந்த ஒரு மாலையில் பேச்சு ஆடி அமாவாசையின்பால் திரும்பியது. அவர் நகைத்துவிட்டு, “எங்களுக்கும் இவ்வாண்டு இரண்டாம் மாதம் இருமுறை வந்தது” என்றார்.

நாங்கள், “தங்கள் நாட்காட்டி திங்களை மட்டும் பார்ப்பது; ஆகையால் அப்படி நேரும்” என்று, தெரிந்தவர் போல் சொன்னோம். அவர் தலையை அசைத்தார். சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி, தேதிகளுக்கிடையே பதினைந்து நாளுக்கு ஒன்றாக அச்சிட்டிருந்த இரண்டிரண்டு எழுத்துகளைச் சுட்டிக் காட்டி, “இவை ஞாயிற்றின் குறிகள். இவை இல்லாவிட்டால் எந்த மாதம் எது என்றே எங்களுக்குத் தெரியாது. திங்கள் தேதியைச் சொல்லும், நாம் ஆண்டில் எங்கே நிற்கிறோம் என்பதை ஞாயிறுதான் சொல்லும்” என்றார். பிறகு அந்த நாட்காட்டியையே சுருட்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டார். அவர் தொட்டுக் காட்டிய நுனியைப் பற்றிக்கொண்டு, மிகுதியை நூல்களில் தேடிக் கற்றோம். கற்றதை நம் வீட்டாரோடு பகிர்ந்துகொள்வது முறையன்றோ?

முதலில் இடர்ப்பாடு யாதெனக் காண்போம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்கள். அத்தகைய மாதங்கள் பன்னிரண்டு கூடினால் 354 நாள்களே ஆகும். ஞாயிற்றின் சுற்றோ ஏறக்குறைய 365¼ நாள். ஆண்டுதோறும் பதினொரு நாள் குறைகிறது. மூன்றாண்டில் ஒரு மாதத்திற்கும் மேல் குறைந்துவிடுகிறது. திங்களை மட்டுமே பின்பற்றும் இசுலாமிய நாட்காட்டியில் ரம்சான் மாதம் கோடை, மழை, பனி என்று எல்லாப் பருவங்களையும் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் சுற்றி வருவதை நாம் அறிவோம். வழிபாட்டிற்கு அதனால் குறைவில்லை. ஆனால் விதைப்பவனுக்கு இன்ன மாதத்தில் விதை என்று சொல்ல வேண்டுமானால் மாதம் பருவத்தோடு ஒட்டி நின்றாக வேண்டும்.

இதற்காகச் சீனர் வானத்தில் ஞாயிறு செல்லும் வட்டத்தை இருபத்து நான்காகப் பகுத்தனர். முழுவட்டம் 360 பாகை. எனவே பதினைந்து பாகைக்கு ஒரு குறி. ஞாயிறு ஒரு குறியிலிருந்து அடுத்ததை அடையச் சற்றேறக்குறைய பதினைந்து நாள் ஆகும். இவற்றிற்கு அவர்கள் இட்ட பொதுப்பெயரின் முதல் எழுத்து மூங்கிலின் கணுவைக் குறிப்பது. ஆண்டென்னும் மூங்கிலுக்கு இருபத்து நான்கு கணுக்கள் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர் உண்டு. பிப்ரவரி 4ஆம் தேதியை ஒட்டி வருவது ‘வசந்தத் தொடக்கம்’. அடுத்தது ‘மழைநீர்’. மார்ச்சுத் தொடக்கத்தில் ‘பூச்சிகள் விழித்தெழல்’: பனிக்காலத்தில் மண்ணுக்குள் உறங்கிய சிற்றுயிர்கள் முதல் இடியோசை கேட்டு எழுகின்றனவாம். பின்னர்ப் பகலும் இரவும் ஒத்த ‘வசந்த நடு’. ஏப்ரல் 5ஆம் தேதியை ஒட்டித் ‘தெளிவும் ஒளியும்’ என்னும் சிங்மிங். அதன்பின் ‘தானிய மழை’. மே மாதத்தில், கோதுமை மணி பால் பிடிக்கும் வேளையில் ‘சிறு நிறைவு’. சிறு வெப்பத்திற்குப் பின் பெருவெப்பம், சிறு பனிக்குப் பின் பெரும்பனி, சிறு குளிருக்குப் பின் பெருங்குளிர் என்று இணையிணையாகச் செல்லும் அப்பட்டியலில், சிறு நிறைவுக்கு மட்டும் ‘பெருநிறைவு’ என்னும் இணை கிடையாது. நிறைந்து வழிவதைவிட நிறைந்து வருவதே நன்று என்று சீனர் இதற்கு நயம் கூறுவர். இலையுதிர் காலத்தில் ‘வெண்துளி’, ‘குளிர்த்துளி’, ‘உறைபனி இறக்கம்’ என்று புல்நுனி நீரின் நிலைகளையே மூன்று பெயர்களாக்கி வைத்துள்ளனர்.

இவையெல்லாம் மஞ்சள் ஆற்றுப் படுகையின் வானிலையைக் கண்டு இட்ட பெயர்கள். இருபத்து நான்கும் முழுமையாக நிரல்பட அமைந்திருப்பதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘ஹுவாய்நான்சி’ என்னும் நூலில் காண்கிறோம். ‘விழித்தெழல்’ என்னும் குறிக்கு முன்பு வேறோர் எழுத்து இருந்தது. அவ்வெழுத்து ஹான் அரசர் ஜிங்கின் இயற்பெயராகவும் இருந்தமையால், அரசர் பெயரைச் சொல்லலாகாது என்று அதனை மாற்றினர். அரசர் மறைந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. சீனத்தில் மாற்றிய எழுத்தே இன்றும் அச்சேறுகிறது.

குறிகளைக் கண்டறிந்த முறையோ எளியது. நிமிர்ந்த கோல் ஒன்றை நட்டு நண்பகலில் அதன் நிழலை அளப்பார்கள். நிழல் மிக நீண்டு விழும் நாளே ‘குளிர்கால உச்சி’. சீனத்தில் தோங்ஜி என்பர். டிசம்பர் 21 அல்லது 22இல் அது வரும். கணக்கின் ஆணிவேர் அந்த நாள்தான். யுவான் அரசில் குவோ ஷௌஜிங் என்ற வானியல் அறிஞர் இந்நிழலை மிக நுட்பமாக அளக்கக் கருதினார். அவர் காலத்தில் ஹெனான் மாநிலத்துத் தெங்ஃபெங்கில் எழுந்த செங்கற் கோபுரமும், அதன் அடியில் சுமார் 31 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் கல் அளவுகோலும் இன்றும் காட்சி தருகின்றன. 1281இல் நடைமுறைக்கு வந்த அவரது நாட்காட்டி ஆண்டின் நீளத்தை 365.2425 நாள் என்று கொண்டது. முந்நூறு ஆண்டு கழித்து 1582இல் ஐரோப்பாவில் திருத்தியமைத்த நாட்காட்டி கொண்ட சராசரி ஆண்டும் இதே அளவினது.

இனி, இக்குறிகள் திங்களின் மாதங்களோடு எவ்வாறு இணைகின்றன என்பதைக் காண்போம். முதியவர் எங்களுக்குக் காட்ட விரும்பியது இதுவே. இருபத்து நான்கு குறிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு குறிகள் சிறப்புடையவை. அவற்றை ‘நடுக்குறி’ என்று நாம் அழைக்கலாம். ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு நடுக்குறி உரியது. மழைநீர் வரும் மாதமே முதல் மாதம். வசந்த நடு வருவது இரண்டாம் மாதம். தானிய மழை வருவது மூன்றாம் மாதம். குளிர்கால உச்சி வருவது பதினோராம் மாதம். மாதம் தொடங்குவதும் முடிவதும் திங்களின் செயல். ஆனால் அம்மாதத்தின் எண்ணை வழங்குவது ஞாயிறு.

ஒரு நடுக்குறிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 30.44 நாள், மாதத்தின் நீளமோ 29.53 நாளே. சாலையில் முப்பதரைக் கல் தொலைவுக்கு ஒரு சத்திரம் இருப்பதாகவும், நாள்தோறும் இருபத்தொன்பதரைக் கல் நடக்கும் வழிப்போக்கன் ஒருவன் செல்வதாகவும் எண்ணிப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு நாளும் அவன் ஒரு சத்திரத்தைக் கடப்பான். ஆனால் சிறிது சிறிதாகப் பின்தங்கி, ஒரு நாள், சத்திரம் ஒன்றைத் தாண்டியவுடன் புறப்பட்டு அடுத்த சத்திரத்தை எட்டுமுன்பே நின்றுவிடுவான். அன்று அவன் எந்தச் சத்திரத்தையும் கடக்கவில்லை. நடுக்குறி இன்றிக் கழியும் மாதம் அத்தகையது. அதற்குத் தனி எண் இல்லை. முந்திய மாதத்தின் எண்ணையே தாங்கி, ‘மிகுதி மாதம்’ என்று வழங்கும். இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு மிகுதி மாதங்கள் சேர, திங்களும் ஞாயிறும் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன. 19 ஆண்டுகளும் 235 மாதங்களும் சற்றேறக்குறைய ஒரே நீளமுடையவை.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆறாம் மாதம் ஜூன் 25இல் தொடங்கியது. அதற்குரிய நடுக்குறியான பெருவெப்பம் ஜூலை 22இல் வந்தது. அடுத்த மாதம் ஜூலை 25இல் தொடங்கி ஆகஸ்டு 22இல் முடிந்தது. அடுத்த நடுக்குறியான ‘வெப்பம் தணிதல்’ வந்ததோ ஆகஸ்டு 23ஆம் தேதி! ஒரே நாளில் தவறிற்று. ஆகவே ஜூலை 25இல் பிறந்த மாதம் ஏழாம் மாதம் ஆகவில்லை. மிகுதி ஆறாம் மாதம் ஆயிற்று. ஆகஸ்டு 23இல் பிறந்ததே ஏழாம் மாதம்.

தொடக்கத்தில் இவ்விதி இருந்ததில்லை. மிகுதி மாதத்தை ஆண்டின் இறுதியில் ஒட்டிவிடுவதே பழைய வழக்கம். கி.மு. 104இல், ஹான் அரசர் வூவின் காலத்தில் நாட்காட்டியைத் திருத்தியபோதுதான், நடுக்குறி இல்லாத மாதமே மிகுதி என்னும் விதி நிலைபெற்றது. அத்திருத்தப் பணியில் வானியலறிஞர் லுவோஷியா ஹோங்கும், வரலாற்றாசிரியர் சிமா சியானும் பங்கு கொண்டனர்.

மற்றொரு மாற்றம் 1645இல் நேர்ந்தது. அதற்கு முன் ஆண்டை இருபத்து நான்கு சம பங்காக்கிக் குறிகளை இட்டு வந்தனர். ஆதாம் ஷால் என்னும் செருமானியப் பாதிரியார் சிங் அரசுக்காக வகுத்தளித்த நாட்காட்டியில், ஞாயிறு வானில் உண்மையாக எங்கு நிற்கிறதோ அதனையே அளவாகக் கொண்டனர். பூமி சனவரித் தொடக்கத்தில் ஞாயிற்றை மிக நெருங்கி விரைந்து செல்வதால், குளிர்காலத்தில் குறிகளின் இடைவெளி பதினைந்து நாளுக்கும் குறைவு. கோடையில் பதினைந்துக்கும் மிகுதி. அதனால் மிகுதி மாதம் கோடையை ஒட்டியே பெரும்பாலும் விழுகிறது. குளிர்காலத்தில் அரிதாகவே வரும்.

கணக்கு வல்லவர்களையும் இக்கணக்கு ஒருமுறை ஏமாற்றியது. 2033ஆம் ஆண்டில் ஏழாம் மாதத்திற்குப் பின் வரும் ஒரு மாதத்தில் நடுக்குறி கிடையாது. அதைக் கண்டு அதுவே மிகுதி மாதம் என்று முன்னர்ச் சில நாட்காட்டிகள் அச்சிட்டுவிட்டன. ஆனால் விதியில் இன்னொரு பகுதி உண்டு: குளிர்கால உச்சி பதினோராம் மாதத்தில்தான் வர வேண்டும், ஓர் உச்சி மாதத்திலிருந்து அடுத்த உச்சி மாதம் வரை பதின்மூன்று மாதம் வந்தால்தான் மிகுதி மாதத்திற்கு இடமுண்டு. அவ்வாறு எண்ணிப் பார்த்தால் ஏழாம் மாதத்திற்குப் பின் வருவது எட்டாம் மாதமே. 2033 டிசம்பர் 22இல் தொடங்குவதே மிகுதி மாதம், பதினோராம் மாதத்தின் மிகுதி. பிழையைக் கண்டு 1990களில் திருத்தினர். தாளைப் பார்த்தவுடன் நாங்களாகவே முடிவு செய்து பிழைபட்டோம் அன்றோ? அறிஞர் உலகிலும் எங்களுக்குத் துணை உண்டு என்பதை அறிந்து ஓரளவு ஆறுதல் கொண்டோம்.

சீனரின் விழாக்களிலும் இவ்விரு கணக்குகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. புத்தாண்டும், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் படகு விழாவும், எட்டாம் மாதப் பௌர்ணமியும் திங்களுக்கு உரியவை. ஆகவே சீனப் புத்தாண்டு 2024இல் பிப்ரவரி 10, 2025இல் சனவரி 29, 2026இல் பிப்ரவரி 17 என்று இடம் மாறுகிறது. ஆனால் முன்னோர் கல்லறையைத் தூய்மை செய்து படைக்கும் சிங்மிங் ஞாயிற்றுக்கு உரியது. ஏப்ரல் 4, 5 தேதிகளை விட்டு அது பெரும்பாலும் அகலுவதில்லை. 1912இலேயே ஆங்கில நாட்காட்டியை அரசு முறையாக ஏற்றுக்கொண்ட சீனம், 2008 முதல் சிங்மிங் நாளைப் பொது விடுமுறையாக்கியுள்ளது. 2016இல் யுனெஸ்கோ இருபத்து நான்கு குறிகளையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. 2022 பிப்ரவரி 4ஆம் தேதி, வசந்தத் தொடக்க நாளில், பெய்ஜிங்கில் பனிக்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கியபோது, விநாடிகளை எண்ணுவதற்கு இவ்விருபத்து நான்கு பெயர்களையே பயன்படுத்தினர்.

இரு கணக்குகளும் உரசிக்கொள்ளும் வேடிக்கையும் உண்டு. 2024 பிப்ரவரி 10இல் தொடங்கிய சீன ஆண்டு 354 நாளில் முடிந்துவிட்டது. வசந்தத் தொடக்கம் அதற்கு ஆறு நாள் முன்பே வந்து போயிற்று. அடுத்த வசந்தத் தொடக்கமோ ஆண்டு முடிந்தபின் வந்தது. எனவே அது ‘வசந்தம் இல்லாத ஆண்டு’. அவ்வாண்டில் மணம் புரியலாகாது என்று அஞ்சுவோர் உளர். மாறாக, 2025 சனவரி 29இல் தொடங்கிய ஆண்டு, மிகுதி மாதம் சேர்ந்து 384 நாள் நீண்டு, இரண்டு வசந்தத் தொடக்கங்களைப் பெற்றது. அது மணத்திற்கு மிக உகந்ததாம். “வசந்தம் எங்கும் போகவில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றதா அந்தப் பக்கம் நின்றதா என்பதுதான்” என்று முதியவர் இதற்குப் பொருள் உரைத்தார்.

இவ்வளவும் படித்தபின் எங்கள் ஆடி மாதப் புதிர் தானே அவிழ்ந்தது. நம் நாட்டுக் கணக்கும் கதிரும் மதியும் கலந்ததே. தை முதல் நாள் ஞாயிற்றுக்கு உரியது. ஆகவே பொங்கல் சனவரி 14, 15 தேதிகளிலேயே நிற்கிறது. தீபாவளி திங்களையும் நோக்குவது. ஆகவே 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று அலைகிறது. வடநாட்டாரும் தெலுங்கரும் கன்னடரும் பின்பற்றும் திங்கள் மாதங்களில், ஞாயிறு ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் பெயராத மாதமே ‘அதிக மாதம்’. சீனரின் நடுக்குறி விதியும் இதுவும் ஒன்றே. நம் தமிழ் மாதமோ ஞாயிற்று மாதம். எனவே நமக்கு அதிக மாதம் இல்லை. அதற்கு ஈடாக, எப்போதேனும் ஒரு தமிழ் மாதத்திற்குள் இரண்டு அமாவாசைகள் அடங்கிவிடுகின்றன. 2023 ஆடியில் நேர்ந்தது அதுவே. அந்த இரு அமாவாசைகளுக்கும் இடைப்பட்ட திங்கள் மாதத்தைத்தான் வடநாட்டார் அதிக சிராவணம் என்று கொண்டனர்.

விதி ஒன்றாயின், அதே 2023இல் சீனரின் மிகுதி மாதம் மார்ச்சு 22 முதல் ஏப்ரல் 19 வரை வந்ததேன், இங்கே ஜூலையில் வந்ததேன் என்ற ஐயம் எழலாம். குறிகள் நடப்பட்ட இடம் வேறு. சீனர் பகலும் இரவும் ஒத்த மார்ச்சு நாளிலிருந்து பாகைகளை எண்ணுகின்றனர். நம் முன்னோர் அசையா விண்மீன்களைச் சார்ந்து ராசிகளை வகுத்தனர். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இவ்விரண்டும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இந்நாளில் ஏறத்தாழ 24 நாள் இடைவெளி ஏற்பட்டுள்ளது. ஆகவே வழிப்போக்கன் ஒருவனே ஆயினும், அவர்கள் சாலையில் சத்திரம் இல்லாத நாள் ஒன்று. நம் சாலையில் சத்திரம் இல்லாத நாள் வேறு.

ஒருநாள் டிசம்பர் மாதத்தில் செருப்புக் கடைக்குச் சென்றிருந்தோம். நாட்காட்டியில் அன்று ‘பெரும்பனி’ என்னும் குறி. கொல்கத்தாவில் மெல்லிய குளிர், அவ்வளவே. “தங்கள் குவாங்தோங்கிலாவது இந்நாளில் பனி கொட்டுமா?” என்று கேட்டோம். முதியவர், “அங்கேயும் கொட்டாது. அது வடக்கே மஞ்சள் ஆற்றங்கரையின் பனி. எங்கள் முன்னோர் தெற்கே வரும்போது பெயரைக் கொண்டுவந்தார்கள், பாட்டனார் கப்பலேறியபோது அதை இங்கேயும் கொண்டுவந்தார்” என்றார். நாங்கள் பேசாதிருந்தோம். ஊரில் ஆடியென்றால் காற்று. கொல்கத்தாவில் ஆடியென்றால் தெருவெங்கும் முழங்கால் அளவு மழைநீர். ஆயினும் நாங்கள் இங்கிருந்துகொண்டு ஆடிக்காற்று என்றுதானே சொல்கிறோம்!

பெயர் பொருந்தாவிட்டாலும் கணக்கு பொருந்துகிறது. அதுதான் எங்களைத் தேற்றியது. பனி கொல்கத்தாவிற்கு வராது. ஆனால் பெரும்பனிக் குறிக்கு ஞாயிறு வந்து சேரும் கணம் பெய்ஜிங்கிற்கும் கொல்கத்தாவிற்கும் ஒன்றே. திங்கள் ஞாயிற்றோடு கூடும் கணம் நம் ஊர்க் குளக்கரைக்கும் கங்கைத் துறைக்கும் ஒன்றே. ஊரைவிட்டுப் பிரிந்து வந்தோரை வானம் பிரிக்கவில்லை. 2023இல் பிழை செய்தது வானமும் அன்று, நாட்காட்டியும் அன்று. கேளாமல் முடிவு செய்த நாங்களே. நாட்காட்டி என்பது வானத்தின் செய்தி மட்டுமன்று. பலர் கூடி ஒப்புக்கொண்ட உடன்பாடும் ஆகும். இரண்டு அமாவாசை வரும் மாதத்தில் எதனைக் கொள்வது என்பதை வானம் சொல்லாது. வீட்டாரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சித்திரை முதல் நாளன்று தாயாரோடும் தமையனாரோடும் தொலைபேசியில் பேசி, அவ்வாண்டின் நாள்களையெல்லாம் மூன்று நாட்காட்டிகளிலும் மையால் வட்டமிட்டு வைக்கிறோம். இளைய மகள் வட்டமிடுவாள். மூத்தவன் சீன நாட்காட்டியில் நடுக்குறிகளை எண்ணி, மிகுதி மாதம் உண்டா என்று சொல்வான். 2024இல் ஆடி அமாவாசை ஆகஸ்டு 4இல் வந்தது. 2025இல் ஜூலை 24இல் வந்தது. அந்த ஜூலை 24ஆம் நாள் காலையில் தமையனார் ஊரில் ஆற்றங்கரையிலும் நாங்கள் கங்கைத் துறையிலும் ஒரே வேளையில் நீர் இறைத்தோம். அன்றிரவு திங்களும் ஞாயிறும் கூடிய கணத்திலேதான் சீனரின் மிகுதி ஆறாம் மாதமும் பிறந்தது. மறுநாள் செருப்புக் கடைக்குச் சென்று முதியவரிடம் அதைச் சொன்னோம். அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, ஆமென்று தலையசைத்தார்.

2023இல் இருமுறை நீர் இறைத்ததைப் பற்றித் தாயாரிடம் பின்னொரு நாள் வருந்திச் சொன்னோம். “விடு அப்பா. இரண்டாவது தடவை அண்ணனோடு சேர்ந்து கொடுத்தாயே, அது போதும். முதல் தடவையை மிகுதி என்று வைத்துக்கொள்வோம்” என்றார் அவர். மிகுதி மாதத்தின் விதியை நாங்கள் அவருக்கு ஒருபோதும் விளக்கிச் சொன்னதில்லை.